கேத்திலின் வெள்ளை

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கறண்ட் போனது.
வடித்த நீர் எடுக்கும் கருவி
ஒருமுறை விக்கி நின்றது.
அறிவியல் நகரில் ஆனி வெயில்.
யன்னல் கண்ணாடியெல்லாம் செம்மண்.
பீக்கருக்குள் பாதி வேலை.

உள்ளே இருப்பது இரு துண்டுச் சங்கிலி.
நீளத் துண்டு பொலிஸ்ரைரீன்:
தண்ணீரைக் கண்டால் முகம் திருப்பும்.
குட்டைத் துண்டு அக்ரிலிக் அமிலம்:
தண்ணீர் என்றால் ஓடி வரும்.
நடுவில் ஒரே ஒரு பிணைப்பு.
விவாகரத்துக்கு அங்கே சட்டம் இல்லை.

டயொக்சேன் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.
அதற்குள் ஒவ்வொரு சங்கிலியும் தளர்ந்து
யாரோடும் சேராமல் கிடக்கும்.
கூட வைக்க வேண்டுமானால்
அந்தச் சுகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கெடுக்க வேண்டும்,
நிமிடத்துக்கு ஒரு துளி தண்ணீர் விட்டு.
மடக்கென்று ஊற்றினால்
அகப்பட்ட இடத்தில் அகப்பட்டபடி இறுகிப்போகும்;
பிறகு என்ன கெஞ்சினாலும் அசையாது.
துளித்துளியாய் விட்டாலோ
மிரண்ட துண்டுகள் உள்ளே ஒதுங்க
மற்றவை மயிர்க்கால்போல் வெளியே சிலிர்க்க
கை படாமலே உருண்டை உருண்டையாய்த் திரளும்.
தெளிந்திருந்த பீக்கர் ஒரு கணத்தில்
விறகுப் புகையின் நீலம் கொள்ளும்.

நான் ஜெனரேற்றருக்கு டீசல் தேடிப் போனேன்.
திரும்பி வந்தபோது
முகிலினி துளி எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று.
நீலம் இறங்கியிருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து
இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் வந்தது.
மிளகுபோல் புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில்
பைகள்.
தடித்த சுவர், வெறும் நடு.
நிறையைப் பார்த்தேன், சரி.
வெப்பநிலை, துளி வேகம், சங்கிலியின் நீளம்,
எல்லாம் சரி.
தலையிடி. தேத்தண்ணிக்குக் கேத்திலைத் திறந்தேன்.
அடியில் முட்டைக் கோதுபோல் ஒரு வெள்ளை.

"முகிலினி, அண்டைக்கு என்ன தண்ணி விட்டனீர்?"

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள்.
"என்ர குடிக்கிற போத்தல் மிஸ். வீட்டுக் கிணத்துத் தண்ணி.
துளி நிக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்த கல்சியம்.
ஒரு சிட்டிகையும் இராது.
ஆனால் அதற்கு இரண்டு கை.
ஒரு கையால் ஓர் அமிலத்தை, மறு கையால் அடுத்ததை,
ஒன்றையொன்று தள்ளி நின்றவற்றை
நெருக்கி இருத்திவிட்டது.
நெருங்கினால் உருண்டைக்கு அவசியம் இல்லை.
வளைவு தளரும், நீளும், தட்டையாகும்,
தட்டையின் ஓரங்கள் கூச்சப்பட்டு
ஒன்றோடொன்று ஒட்டிப் பையாகும்.

தண்ணீரைக் கண்டு ஓடிய அதே துண்டுகள்
ஒரு மிடறு தண்ணீரை நடுவில் வைத்து
அதைச் சுற்றிச் சுவராய் நிற்கின்றன.
படத்தை ஆங்காங்கே பெருப்பித்துப் பார்த்தேன்.
எல்லாப் பையும் அப்படித்தான்.

பக்கத்தைக் கிழிக்கட்டோ என்றாள்.
பேனையை வாங்கி
கரைப்பான் என்ற கட்டத்துக்குள் எழுதினேன்:
டயொக்சேன்; முகிலினி வீட்டுக் கிணறு,
ஆழம் இருபத்தெட்டு அடி.

இப்போது திங்கட்கிழமைகளில்
பை நிறையப் போத்தல்களோடு ஏறுகிறாள்.
அக்கராயன், ஒட்டுசுட்டான், முழங்காவில்,
மூடியில் ஊர்ப்பெயரும் திகதியும்.
"என்ன தங்கச்சி, கோயில் தீர்த்தமோ?"
கொண்டக்ரர் கேட்டாராம்.
"இல்லை அண்ணை, கரைப்பான்."
அவர் அதற்கும் ஒரு ரிக்கற் கிழித்தாராம்.